மாதேஷின் இன்ஜினுக்கு நான் எடுத்த ஸ்பிரிங்

திருச்செங்கோடு,
வெள்ளிக்கிழமை

ஆன்சி அப்பாவுக்கு,

ஜாக்குலின் எழுதுகிறேன். நானும் ஆன்சியும் சுகம். மஸ்கட்டிலிருந்து நீங்கள் போன் செய்யும்போது நான் பட்டறை விஷயம் பேச ஆரம்பித்தாலே, "சரி, வேலுசாமிகிட்டக் குடு" என்கிறீர்கள். அதனால்தான் கடிதம்.

மாதேஷின் ரேஸ் பைக்குக்கு நீங்கள் அனுப்பிய கேம்ஷாப்ட் நல்லதுதான். கூடவே அனுப்பிய வால்வு ஸ்பிரிங் அதற்குச் சேராது என்று அன்றைக்கே சொன்னேன். அந்த கேம் வால்வைப் பத்து மில்லிமீட்டர் அமுக்கும். இந்த ஸ்பிரிங்கோ இன்ஜின் ஹெட்டில் மாட்டிய பிறகு ஒன்பதுதான் அமுங்கும்; அதோடு சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று தடவை அளந்தேன். "ரேஸுக்குக் கெட்டியான ஸ்பிரிங்தான் வேணும், நீ கணக்குப் போடாத" என்றீர்கள்.

நான் ஆன்சியின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவதற்குள் வேலுசாமி அண்ணன் அதையே மாட்டிவிட்டார். கையால் சுற்றும்போதே இன்ஜின் இறுகி நின்றிருக்கிறது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று செல்ஃப் போட்டிருக்கிறார். வால்வை அமுக்குகிற ராக்கர் இரண்டாக உடைந்தது. கேட்டால், "அண்ணன் சொல்லீட்டாருங்க, நான் என்னங்க பண்றது" என்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கேம் செய்த கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன். அவர்கள் சொன்ன அழுத்தத்தில், பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை அமுங்குகிற ஸ்பிரிங்காகப் பார்த்து வரவழைத்து, நானே மாட்டினேன். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இப்போது வால்வு தடுமாறவில்லை. ஆனால் ஸ்பிரிங் வந்தது செவ்வாய்க்கிழமை. கோவையில் ரேஸ் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. வருஷம் முழுக்க அதற்காகப் பழகியவர் மாதேஷ். ரேஸ் நடந்த அன்று பட்டறைக்கு வந்து, உடைந்த ராக்கரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

நேற்று வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ஸ்பிரிங்கா எடுத்துக் குடுத்தீங்கண்ணா" என்று உங்களுக்குப் போன் செய்தாராம். நீங்களும் "இருக்கட்டும் தம்பி" என்றீர்களாம். இதை என்னிடமே வந்து சந்தோஷமாகச் சொன்னார். நான் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையாட்டி வைத்தேன்.

டிசம்பரில் இன்னொரு ரேஸ் இருக்கிறதாம். அதற்குள் நீங்களே மாதேஷிடம் பேசுங்கள். அந்த ஸ்பிரிங்கை எடுத்தது யார் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் பெருமை பேசியதாகிவிடும். நீங்கள் சொல்லித்தான் அது தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
ஜாக்குலின்