மோவாயில் குத்திய பச்சை

தூடாவுக்கு, மராகேஷிலிருந்து ஹம்முவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகள் குட்டி போட்டாயிற்றா?

சதுக்கத்தில் கதை கேட்கக் கூட்டம் குறையவில்லை. கதையில் வருகிறவர்களை நானே பலகையில் வரைந்து காட்டுகிறேன். யாரிடமும் கற்காத கை. எந்த இளவரசியை வரைந்தாலும் உன் முகம்தான் வருகிறது. நேற்று, பூதம் தூக்கிப்போன இளவரசியின் படத்தைக் காட்டியபோது, மருதாணி போடும் ராக்கூஷ் கூட்டத்திலிருந்து கத்தினாள். அவள் நம் பள்ளத்தாக்குக்காரி; எந்தக் கரைப் பெண்ணுக்கு எந்தப் பச்சை என்று அறிந்தவள்.

“என்னய்யா கதைக்காரரே, இது உம்ம பொண்டாட்டி மூஞ்சிதானே? மோவாயில மட்டும் ஏன் ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பச்சையைக் குத்தி வச்சிருக்கீரு?”

“பூதம் அந்தப் பக்கத்துக்காரன், அக்கா. தூக்கிட்டுப் போனதுமே அவன் ஊர்ப் பச்சையைக் குத்திட்டான்!” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறைக்கு வந்து அந்தப் பச்சையை அழித்துவிட்டுத் தூரிகையோடு உட்கார்ந்தேன். உன் மோவாயில் நடுவில் இருப்பது கோடா, புள்ளியா? கை ஓடவில்லை. பலகை அப்படியே இருக்கிறது.

வியாழக்கிழமை பீஹி ஓட்டும் பஸ் அங்கிருந்து கிளம்பும். கண்ணாடி பார்த்து, அந்தப் பச்சையைக் கரியால் ஒரு தாளில் வரைந்து அவரிடம் கொடுத்தனுப்பு. கொஞ்சம் வாதுமைப் பருப்பும் வை.

கூட்டம் சேர்ந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். வரைய வராவிட்டால் தாள் வேண்டாம். பீஹியிடம் ஜன்னலோரம் இடம் கேட்டு நீயே ஏறி வந்துவிடு.

உன் ஹம்மு