மீன் எண்ணெயும் நெஞ்சுத் துடிப்பும்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

மாத்திரை வாங்க, அதை இலவசமாகத் தரும் அரசு சென்டருக்குப் போனேன். எச்.ஐ.வி. கிருமி ரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. சந்தோஷப்படுவதற்குள் அடுத்த தாளைப் புரட்டினார். கொழுப்பு அதிகம். அழற்சியும் அதிகம். கிருமி அடங்கினாலும் உடம்பு உள்ளுக்குள் சண்டையை நிறுத்தவில்லையாம். நாள்பட நாள்பட இதயத்தைக் கெடுக்கலாமாம். மீன் எண்ணெய் மாத்திரை எழுதினார், காலை ஒன்று, இரவு ஒன்று. "கொழுப்பு குறையும். அழற்சி குறையுமா என்று உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் இந்தியில்.

வெளியே வந்து வெங்கடேஷுக்கு போன் போட்டேன். செம்பூர்க்காரர், சென்டர் வரிசையில் கிடைத்த சிநேகிதர். அவர் மனைவி பாகீரதி எடுத்தார்.

"அவர் போயிட்டார் ஜமால் பாய். சனிக்கிழமை. ஹார்ட் அட்டாக்."

அவருக்கும் கிருமி அடங்கித்தான் இருந்தது.

13 ஆகஸ்ட்

வெங்கடேஷ் போனதை ராபியாவிடம் சொல்லவில்லை. என் மனைவிக்கும் இதே நோய், இதே மாத்திரை. எந்த வாயால் சொல்வேன்?

19 ஆகஸ்ட்

பட்டறையில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தபோது இடது கை மரத்தது. மிஷினை நிறுத்தினேன். இதுதானா அது? குனிந்தே இருந்ததால் வந்ததா? பயந்து பயந்தே செத்துருவேன் போலிருக்கு.

27 ஆகஸ்ட்

மீன் எண்ணெய் வேளைக்கு ஒன்று நல்லதென்றால் மூன்று இன்னும் நல்லதுதானே? குர்லாவில் மருந்துக் கடையில் பெரிய டப்பாவாக வாங்கி, பட்டறையில் ஒளித்து வைத்திருக்கிறேன். நெஞ்சு லேசாக வலித்தாலே இன்னும் இரண்டு விழுங்குகிறேன்.

2 செப்டம்பர்

ராபியா கேட்டாள்: "இன்னைக்கு மீனே ஆக்கலையே, ஒங்க மேல ஏன் இவ்ளோ கவுச்சி அடிக்கி?"

ஓட்டலில் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

10 செப்டம்பர்

நேற்று எழுத முடியவில்லை. வேலை நடுவில் நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது — ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. மிஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டேன். ஆட்டோவில் போட்டு சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் வெங்கடேஷ் முகம்.

அட்டாக் இல்லை. துடிப்புதான் ஒழுங்கில்லை என்று ஈசிஜியில் வந்தது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். ராபியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மீன் எண்ணெய் அளவுக்கு மேல் போனால் சிலருக்குத் துடிப்பு தடுமாறுமாம். அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் உடனே நிறுத்துங்கள் என்றார்.

காப்பாற்றும் என்று விழுங்கியதா என்னைக் கவிழ்த்தது?

12 செப்டம்பர்

வீட்டுக்கு வந்தாயிற்று. வெங்கடேஷ் விஷயத்தை ராபியாவிடம் சொல்லிவிட்டேன்.

"நான் பயந்துருவேன்னா மறைச்சீங்க? ஒங்க மூஞ்சியப் பாத்தே ஒரு மாசமா பயந்துகிட்டுதான இருக்கேன்."

பிறகு கேட்டாள்: "பாகீரதி அக்கா எப்பிடி இருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவைகூட நான் விசாரிக்கவில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

செம்பூருக்குப் போனோம். பாகீரதி பாதியாக இளைத்திருந்தார். காய்ச்சல். அவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. மாத்திரை பாட்டில் அலமாரியில் திறக்கப்படாமல் இருந்தது.

"அவர் ஒருநாள் விடாம சாப்பிட்டார். என்ன ஆச்சு சொல்லுங்கோ?"

எனக்குள்ளும் அதே கேள்விதான்.

ராபியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க போனது நெஞ்சால, அக்கா. நெஞ்சுக்குத் தனியா பாக்கணும். இத நிறுத்துனா கிருமி மறுபடி எந்திரிச்சிரும். நாளைக்கு நானே வந்து ஒங்கள சென்டருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

16 செப்டம்பர்

கூட்டிப் போனாள்.

14 அக்டோபர், திங்கள்

மூன்று பேரும் சென்டருக்குப் போனோம். மீன் எண்ணெய் எனக்கு இனி வேண்டாம் என்று கொழுப்புக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார் டாக்டரம்மா. அழற்சி இறங்கவில்லை. பயமும் போகவில்லை.

பெண்கள் வரிசையில் ராபியா தோளில் சாய்ந்து பாகீரதி உட்கார்ந்திருந்தார். ராபியா பேரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. "அக்காவ முதல்ல பாக்கட்டும்" என்றாள்.