அண்ணி தொடங்கிய லோரி வாரம்

என் அருமை அண்ணி,

நீங்கள் எங்களை விட்டு மறைந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறார். பூச்சோங் வீட்டில் அவரே சாம்பார் வைக்கிறார், சாப்பிடுகிற நாங்கள்தான் பாவம். உங்களுக்குச் சொல்லப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஆபீசில் கிளார்க்காக இருந்த நீங்கள், கன்டெய்னர் லோரிகள் துறைமுகத்துக்குள் போக நேரம் ஒதுக்கும் மென்பொருள் கம்பெனி தொடங்கப் போவதாகச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். "அண்ணியும் நாத்தனாரும் கூட்டா? ஆறு மாசம் தாங்காதுலா!" என்றார் பெரியம்மா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே இரண்டு மேசை போட்டோம். நீங்கள் தலைவர், நான் புரோகிராம் எழுதுகிறவள். ஆண்களாக நிறைந்த கூட்டங்களில் நீங்கள் சேலையோடு எழுந்து பேசும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் வாரம் லோரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து துறைமுகம் போய்வர வேண்டும். "லோரில ஏறாம லோரிக்காரங்களுக்கு என்னத்த எழுதுவீங்க?" என்பீர்கள். டீசல் வாடை குமட்டும் என்று நான் அடம்பிடித்ததால் என்னை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

நீங்கள் போனதும் தற்காலிகத் தலைவரான நான் அந்த லோரி வாரத்தை நிறுத்தினேன். நேரம் மிச்சம் என்று நினைத்தேன். புதுப் பிள்ளைகளோடு சேர்ந்து டிரைவர்களின் செயலியை அழகாக மாற்றினேன். இரண்டே வாரத்தில் நம் பெரிய வாடிக்கையாளர் கூப்பிட்டார். டிரைவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லையாம். மாத முடிவுக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்களாம். அவர்கள் போனால் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

மறுநாள் சேகர் அண்ணன் என்ற டிரைவரின் லோரியில் ஏறினேன். துறைமுக வாசலில் வரிசை நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அவர் போனில் நம் செயலியைத் திறந்து விவரங்களைப் பாதி நிரப்புவதற்குள் முன்னால் நிற்கும் லோரி நகரும். போனை வைத்துவிட்டு கியர் போடுவார். திரும்ப எடுத்தால் நிரப்பியதெல்லாம் அழிந்திருக்கும். பாதுகாப்புக்காக, கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அழியும்படி வைத்தவளே நான்தான்!

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"யார்கிட்ட சொல்றது? உங்க அண்ணி மாசம் ஒருநாள் யார் லோரியிலயாவது ஏறுவாங்க. ஏறுனதும் என்ன பிரச்சனைன்னுதான் கேப்பாங்க. அவங்களுக்கப்புறம் ஆபீஸ்லேருந்து யாரும் வரலயே."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. அவ்வளவு பெரிய தலைவரான பிறகும் மாதாமாதம் போனீர்களா? என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை அண்ணி?

அந்த வாரம் முழுக்க லோரியில்தான் இருந்தேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆனால் செயலியைத் திருத்தி, டிரைவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்த்தோம். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஒருவருக்கும் வேலை போகவில்லை.

இப்போது பெரிய செய்தி. இனி தற்காலிகம் இல்லை, நீயே தலைவர் என்று அண்ணனும் மற்ற இயக்குநர்களும் சொன்னார்கள். இதற்கு முன் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். நேற்று கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். மாதத்தில் ஒருநாள் அமைச்சரே கூப்பிட்டாலும் நான் ஆபீசில் இருக்க மாட்டேன். கிள்ளானில் ஏதோ ஒரு லோரியில், டிரைவர் பக்கத்தில் இருப்பேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
மாலா