பாலாம்பிகை அக்கா வீட்டு வாசல் விளக்கு

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

தெரு முழுவதற்கும் பேய் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு மதாம் முன்முற்றத்தில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கதிரை போட்டு இருத்தியிருக்கிறா. ஒன்றின் கையில் பியர் ரின். மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் ஹலோவீனுக்கு இன்னும் மூன்று கிழமை கிடக்கிறது, அதற்குள் இந்த அவசரம்.

அன்றைக்கு வாசல் விளக்கு எரியும் வீட்டுக் கதவைத்தான் வேசம் போட்ட பிள்ளைகள் இனிப்புக்குத் தட்டுவார்கள். எதிர்வீட்டு அருளம்பலம் அண்ணை வழமைபோல அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு பேஸ்மென்டில் ரீவி பார்க்கப் போகிறாராம். "பிள்ளையளின்ர பல்லைக் கெடுக்கிறது பாவமடா தம்பி" என்றார். கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு நல்ல வேசம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டவுன்டவுனில் என்னோடு கிச்சினில் வேலை செய்யும் அம்புறோஸ் தன் பிள்ளைகளைப் புனிதர்களாக உடுத்திப் பங்கு மண்டபத்துக்குக் கொண்டுபோவான். அங்கே பேய்க்கு அனுமதி இல்லை.

தெருமுனை வீடு பாலாம்பிகை அக்காவுடையது. தனி ஆள். ஐந்து மணிக்கே வாசல் விளக்கைப் போட்டுக் கதவையும் திறந்துவைத்துவிட்டு நிற்பா. எல்லோரும் துண்டுச் சொக்லேற் கொடுக்க, அவ முழுக்கட்டி கொடுப்பா. அந்த வீட்டுக்கு மட்டும் மகள் சாம்பவியை நான் விடுவதில்லை. கேட்டால் தூரம் என்பேன். ஏழு வீடு தள்ளி இருப்பது தூரமாம்! ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எண்ணத் தெரியாதா?

இந்த முறை அவள் போடும் வேசம் குருவி விரட்டுகிற வயல் வெருளியாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 14, திங்கள்

மனைவி அஜந்தா தமிழ்க்கடையில் பசுமதி அரிசி வாங்கி வந்தா. சணல் சாக்கு.

ஒக்டோபர் 20, ஞாயிறு

படியிறங்கி வருகிறேன். கூடத்தில் சாம்பவி நிற்கிறாள். தலையில் அந்த அரிசிச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, கழுத்தில் கயிறு. "அப்பா, நான் ஆரெண்டு சொல்லுங்கோ?" என்று தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

பிடுங்கி எறிந்துவிட்டேன். கயிறு இழுபட்டுப் பிள்ளையின்ர கழுத்து சிவந்துபோச்சு. அவள் கத்துறாள், நானும் கத்துறன். என்ன சொல்லிக் கத்தினனான்? தெரியேல்லை.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே? வெருளிதானே!" என்று அஜந்தா ஓடிவந்தா. நாலு வயதில் மொன்றியலுக்கு வந்தவ. சாக்கு என்றால் அவவுக்கு அரிசி. பதினொரு வருடக் கலியாணத்தில் நான் ஒன்றும் சொல்லவும் இல்லை.

சாம்பவி இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 22, செவ்வாய்

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் கொஞ்சம் குறையுமோ?

1996 ஜூலை. எனக்குப் பதினேழு வயது. ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். இரண்டு நாள் அடி. பிறகு தலையில் சாக்கைப் போட்டுச் சந்தியில் ஒரு வாகனத்துக்குள் இருத்தினார்கள். சனத்தை வரிசையாக முன்னால் நடத்தினார்கள். இவன் புலி என்று ஒருத்தனுக்காவது தலையாட்டு, இல்லையென்றால் நீதான் புலி என்றார்கள். கணக்கு வாத்தியார் போனார். என்னோடு பந்தடித்தவன் போனான். நான் அசையவில்லை. பிறகு ஒருவர் வந்தார். நீலக்கோடு போட்ட சேட். ஊரில் ஒருநாளும் கண்டதில்லை. தெரியாத ஆள்தானே என்று —

ஆட்டினேன்.

தெரியாத ஆள்! ஐந்து வருடத்துக்கு முன் பாலாம்பிகை அக்கா தெருமுனை வீட்டை வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டா. கூடத்துச் சுவரில் படமாக அந்த முகம். மாலை இல்லை, பொட்டு இல்லை. "என்ர தம்பி ஆனந்தராசா. தொண்ணூற்றாறில காணாமல் போனவன். ஒருநாளைக்கு வந்து தட்டுவான். அதுதான் ஆர் தட்டினாலும் நான் திறக்கிறது" என்றா. என் கையில் அவ தந்த பாயாசம். அதைக் குடித்து முடித்தேன். எப்படிக் குடித்தேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் வரமாட்டார். அது எனக்குத் தெரியும். தலையாட்டிய பிறகும் என்னை விடவில்லை, அவருக்குப் பக்கத்து அறையில்தான் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் விடிய அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவிடுக்கால் கண்டேன். கால்கள் நிலத்தில் படவில்லை, கண் திறந்தபடி இருந்தது. உயிர் இல்லை.

அதன்பிறகு நான் ஒன்றுக்கும் தலையாட்டுவதில்லை. ஓம் என்றால் வாயால் ஓம். "அப்பாக்குக் கழுத்து வேலை செய்யாது" என்று சாம்பவி பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறாளாம்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

சாம்பவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அஜந்தா சாக்கைத் திரும்பவும் தைத்துவிட்டா. நான் தடுக்கவில்லை. என்ன காரணம் சொல்லித் தடுப்பது? வியாழக்கிழமை பின்னேரம் அவவுக்கு வேலை. நான்தான் பிள்ளையோடு போகவேண்டும்.

ஒக்டோபர் 31, வியாழன்

ஜக்கெற் தேவைப்படாத ஹலோவீன். தெருவில் அவ்வளவு பிள்ளைகள். மறுபக்கத்தால் சுற்றிப்போகலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத் தோழியைக் கண்டதும் சாம்பவி என் கையை விட்டுவிட்டு ஓடினாள். நேரே தெருமுனை வீடு. திறந்த கதவு, முழுக்கட்டிச் சொக்லேற், எந்தப் பிள்ளைதான் ஓடாது?

நான் போய்ச் சேர்ந்தபோது பாலாம்பிகை அக்கா படியில் குந்தியிருந்தா. சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "தூக்கு பிள்ளை, முகத்தைக் காட்டு" என்றா. சாம்பவி தூக்கினாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதா.

பிறகு என்னைக் கண்டா. "விமல், இது என்னெண்டு உமக்குத் தெரியாதே? இதைப் பிள்ளைக்குப் போடலாமே?"

"தெரியாது அக்கா."

அப்படித்தான் சொன்னேன். வாய் கூசவில்லை.

"ஓமோம், நீர் அப்ப சின்னப் பெடியனாயிருந்திருப்பீர்" என்று சொல்லி எனக்கும் ஒரு சொக்லேற் தந்தா. அது இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

"அன்ரி ஏன் அழுதவ?" என்று சாம்பவி வழி முழுக்கக் கேட்டாள். சாக்கைக் கையில் மடித்து வைத்திருந்தாள், திரும்பப் போடவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

நித்திரை இல்லை. தெரியாது, தெரியாது, தெரியாது.

நவம்பர் 2, சனி

இன்று அம்புறோஸ் ஆட்களுக்கு மரித்தோர் நாள். காலையில் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வேலைக்கு வந்தான். வெங்காயம் வெட்டிக்கொண்டே, "அப்பாவோட பத்து நிமிசம் கதைச்சிட்டு வாறன் மச்சான். போய் நிக்க ஓர் இடம் இருக்கு. அதுவும் இல்லாத சனம் எவ்வளவு" என்றான்.

எனக்குக் கண்ணீர் வந்தது. வெங்காயம் அவன்தான் வெட்டினான்.

பாலாம்பிகை அக்காவுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. திகதிகூட இல்லை. திதி தெரியாமல் திவசம் எப்படிச் செய்வது? அந்தத் திகதி என்னிடம் இருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் அவவின் நம்பிக்கையை நான் கொல்ல வேண்டும், ஏற்கெனவே தம்பியைக் கொன்றது போதாதென்று. சொல்லாவிட்டால் அவ சாகும்வரை கதவைத் திறந்துகொண்டிருப்பா. எது பெரிய பாவம்? நான் என்னைக் காப்பாற்றுகிறேனா, அவவையா?

என்னைத்தான். அது தெரிந்ததுதானே.

நவம்பர் 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தட்டினேன், அக்கா உடனே திறந்தா. உள்ளே வரச் சொன்னா. வாசலிலேயே நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், சாக்கு, சந்தி, பக்கத்து அறை, விடியற்காலை. அவ சப்பாத்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"என்ன சேட் போட்டிருந்தவன்?"

"நீலக்கோடு."

"நான் கடையில வேண்டிக் குடுத்தது."

பிறகு, "நீர்தானே தலையாட்டினது?" என்று கேட்டா. ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை ஆடியது.

"திகதி?"

"ஜூலை இருபத்தாறு. வெள்ளிக்கிழமை விடிய."

"போம்."

கதவை மெதுவாகச் சாத்தினா. அடித்துச் சாத்தியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அஜந்தாவிடமும் சொன்னேன். "உங்களுக்குப் பதினேழு வயசுதானே" என்று மூன்று தரம் சொன்னா. பிறகு சாம்பவியின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டா.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

பெரிய பனி. அக்கா தனியாகச் சவளால் அள்ளிக்கொண்டிருந்தா. நான் சவளோடு போனேன். என்னைக் கண்டதும் தன்னுடையதைப் பனிக்குள் குத்திவிட்டு உள்ளே போய்விட்டா. பாதியை அள்ளிவிட்டு வந்தேன். பின்னேரம் பார்த்தால் மிச்சத்தை அவவே அள்ளியிருந்தா.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

அருளம்பலம் அண்ணை வேலியில் கைவைத்துக்கொண்டு சொன்னார். பாலாம்பிகை அக்கா வீட்டில் இன்று தம்பியின் திவசமாம். பஞ்சாங்கம் பார்த்துத் திதி எடுத்து, ஐயரைக் கூப்பிட்டுச் செய்தாவாம். படத்துக்கு மாலை போட்டிருக்கிறதாம். தெருவில் தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறா, எங்களைத் தவிர.

"இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு இவவுக்கு ஆரடா தம்பி, திகதி சொன்னது? கேட்டால் வாயைத் திறக்கிறா இல்லை."

நான் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். செடி மூழ்கிவிட்டது.

ஒக்டோபர் 31, வெள்ளி

சாம்பவி இந்த முறை பூனை. கன்னத்தில் ஆறு கோடு, அவ்வளவுதான். அஜந்தாவோடு போனாள். நாலரை மணிக்கே தெருமுனையைப் பார்த்தேன். ஐந்துக்கும் பார்த்தேன். பாலாம்பிகை அக்கா வீட்டு விளக்கு எரியவில்லை.

ஐந்தேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அவ. கையில் பெரிய பெட்டி, முழுக்கட்டிச் சொக்லேற்.

"பழக்கத்தில வேண்டிப்போட்டன். இனி எனக்கு வாசலில நிக்க ஏலாது. நிண்டு பார்க்க ஆருமில்லை." பெட்டியை என் கையில் வைத்தா. "நீர் நில்லும்."

"அக்கா —"

"மன்னிச்சிட்டனெண்டு நினைக்காதையும். ஒரு பிள்ளையையும் வெறுங்கையோட விடக்கூடாது. ஆர் தட்டினாலும் திறக்கவேணும். விளங்கிச்சே?"

தலையாட்டினேன். அவ அதைப் பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு இறங்கிப் போனா.

எங்கள் வாசல் விளக்கைப் போட்டேன். இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடம், ஹலோவீனுக்கு அது எரிந்தது இதுதான் முதல் தரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நானே எழும்பிப் போய்த் திறந்தேன். கடைசிப் பிள்ளை எட்டேகாலுக்கு வந்தான், பல்லில்லாத ஒரு டிராகன். அதன்பிறகு ஒருவரும் தட்டவில்லை.

இப்போது பத்தரை. "படுக்க வாங்கோவன்" என்று அஜந்தா கூப்பிடுகிறா. பெட்டியில் இன்னும் நாலு கட்டி இருக்கிறது. விளக்கை அணைக்கவில்லை.