சக்‌ஷனா வைப்ரேஷனா என்று கேட்டவருக்கு

என் மேல் பாசமும், மெஷின்கள் மேல் அதைவிடப் பாசமும் உள்ள கப்பல்காரருக்கு,

வணக்கம். நான் நலம். மாமா நலம். நம்ம வாயாடி மகள் ஹாஸ்டலில் நலம்; அங்கேயும் வார்டனோடு மல்லுக்கு நிற்கிறாளாம். நீங்கள் நலமா என்று கடைசியில் கேட்கிறேன். இப்போது கேட்டால் அக்கறையாக வராது, அவ்வளவு எரிச்சலில் இருக்கிறேன்.

இதை உங்கள் கப்பலில் புதிதாகச் சேர வரும் சமையல்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறையைச் சுற்றி டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே உடையற சாமான் ஏதாவது இருக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். போனிலேயே சொல்லக் கூடாதா என்பீர்கள். எப்படிச் சொல்வது? நீங்கள் பேசுவது சாப்பாட்டு அறை மூலையில். பின்னால் வரிசையில் ஆட்கள். லைன் வேறு விட்டு விட்டு வருகிறது. போன தடவை நீங்கள் தொண்டைக்குள்ளேயே "அது... சக்‌ஷனா, வைப்ரேஷனா, எது பிடிக்கும்" என்று கேட்க, நான் என்னது, என்னது என்று கத்த, மாமா ஹாலில் இருந்து என்னவாம் என் பிள்ளைக்கு என்று குரல் கொடுத்தார். கப்பலில் ஏதோ பம்பு ரிப்பேராம் மாமா என்று சமாளித்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் பேப்பரை மடித்ததும், பம்பு சரியாயிடுச்சாம்மா என்று விசாரிக்கிறார்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய பார்சல் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தால் மாமா பிரித்துவிடுவார் என்று என் பல் கிளினிக் முகவரிக்கு அனுப்பினீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் மனுஷன் முகவரி எழுதும் லட்சணமா அது? கிளினிக் பெயரைக் கொட்டை எழுத்தில் மேலே போட்டு, என் பெயரை அடியில் எறும்பு மாதிரி. நான் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் பார்சல் வந்திருக்கிறது. எங்கள் கிளினிக்கில் என்னோடு இருக்கும் இன்னொரு அசிஸ்டென்ட், நாங்கள் கண்ணாடியக்கா என்று கூப்பிடுவோமே, அவர்கள் பிரித்துவிட்டார்கள். பல் பாலிஷ் பண்ணும் மெஷினுக்குப் புது முனை வரவேண்டியிருந்தது. வெள்ளைப் பெட்டி, உள்ளே வழவழவென்று ஒரு சாமான், நுனியில் ரப்பர் வாய். இதுதான் அது என்று அக்கா முடிவு பண்ணிவிட்டார்கள். வெளியிலிருந்து எது வந்தாலும் ஆவியில் வேகவைத்துக் கிருமி போக்கிய பிறகுதான் டிரேயில் ஏறவேண்டும் என்பது எங்கள் டாக்டரம்மாவின் சட்டம். அக்கா சட்டத்தை மீறுகிற ஆளே இல்லை. அதை உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, ஆவிப்பெட்டிக்குள் வைத்துச் சூடு ஏற்றியிருக்கிறார்கள்.

நான் திரும்பி வரும்போது நாற்காலியில் ஒரு பேஷன்ட் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். நான் வழக்கம்போல எச்சில் உறிஞ்சும் குழாயை எடுத்து அவர் கன்னத்தில் மாட்டினேன். டாக்டரம்மா டிரேயில் இருந்த உறையைக் கிழித்து அதை எடுத்தார். ஒரு பக்கம் உருகிக் கோணியிருந்தது. விளக்குக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தப் பல்லுக்கு என்று என்னைக் கேட்டார். அடப்பாவி மனுஷா, நீங்கள் முன்கூட்டியே படம் அனுப்பியிருந்ததால் அது பல்லுக்கு இல்லை, கட்டிலுக்கு என்று எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பேஷன்ட்டுக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் புருவம் போன உயரம் அப்படி. நல்லவேளை, வாயில் என் குழாய் இருந்தது. மானம் கப்பலேறியது என்பார்களே, அன்றைக்கு ஏறியது. உங்கள் கப்பலில்தான் எங்கேயாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

சாயந்திரம் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார். அப்புறம் முகமூடிக்குள்ளேயே சிரித்தார். எங்க தப்பால கெட்டது, அதனால கிளினிக்தான் வாங்கித் தரணும் என்று ஒரே பிடிவாதம். அடுத்த வாரம் என் லாக்கரில் ஒரு பை இருந்தது. கடையில் யாருக்கு என்று கேட்டார்களாம், என் ஸ்டாஃபுக்கு என்றாராம், கடையே திரும்பிப் பார்த்ததாம். உறிஞ்சற மாதிரியா, அதிர்ற மாதிரியா என்று அங்கேயும் அதே கேள்வி. எனக்கென்ன தெரியும், அதான் ரெண்டையும் வாங்கிட்டேன் என்றார். கூடவே, இதையெல்லாம் தண்ணி, சோப்பு போட்டுக் கழுவினாப் போதும், தயவுசெஞ்சு ஆவியில மட்டும் வைக்காதே என்றார். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மாவுக்கு என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் தெரியவில்லையே என்று இருந்தது.

சரி, பதில்.

என் அரை நாள் லீவில், மாமா பூங்காவுக்குக் கிளம்பினதும் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலில் சக்‌ஷன், அதாவது நீங்கள் தேர்ந்தெடுத்த வகை. அது தொடுவதே இல்லை தெரியுமா? சின்ன வாயால் காற்றை இழுத்து இழுத்து விடுகிறது. ஒரே இடம்தான். இம்மி நகர்ந்தால் ஒன்றுமே இல்லை, சரியாகப் பட்டால் தாங்க முடியவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாயில் சக்‌ஷன் பிடிப்பவளுக்கு அந்தச் சத்தம் வேறு. டாக்டரம்மா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் கிட்ட பிடி என்று சொல்வது போலவே இருந்தது. எனக்குச் சிரிப்பு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் தயாரா என்று கேட்கவே இல்லை, வந்த வேலையை முடித்துவிட்டு நின்றுகொண்டது. யாரோ ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள். நிறையப் பேருக்கு அந்த வேகம்தான் பிடிக்குமாம், கடைக்காரம்மா சொன்னாராம். பிடிக்கட்டும். எனக்கு அது சரிப்படவில்லை.

அடுத்த வாரம் அதிர்கிற வகை. எடுத்ததும் கூடிய வேகத்தில் வைத்தேன், ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துப்போனது. சே, இதுவும் அவ்வளவுதானா என்று எரிச்சலோடு குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசி வேகம், இருப்பதிலேயே மெதுவானது. துணிக்கு மேலேயே, நேராக அங்கே இல்லாமல் கொஞ்சம் தள்ளி. அவசரமே இல்லை. அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கால் வரைக்கும் பரவியது. எனக்கும் இப்படி ஆகும் என்று இத்தனை வருஷம் எனக்கே தெரியாதுங்க. சந்தோஷமாக இருந்தது, அதே அளவுக்கு ஆத்திரமும் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியாமல் தலையணையைக் குத்தினேன். உங்கள் தலையணையைத்தான்.

போதுமா? வைப்ரேஷன், கீழ் வேகம், மெதுவாக. உங்கள் கேள்விக்குப் பதில் இது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அன்றைக்கு மாமா பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார். டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிற மனுஷருக்கு இந்தச் சத்தம் மட்டும் கதவைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. ஏம்மா, ரொம்ப நேரமா போன் அடிக்குதே, எடுக்க மாட்டியா என்றார். எனக்கு முழி பிதுங்கிவிட்டது. எடுத்துட்டேன் மாமா என்றேன். அவனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, எப்ப வர்றானாம் என்றார்.

கையிலிருந்ததை உங்கள் அலமாரிக்குள் தள்ளினேன். அதற்கு முந்தின நாள்தான் உங்கள் மெசேஜ் வந்தது. எது பிடிக்கும் என்று சொன்னால் அதிலேயே பெரிய மாடல் வாங்கி அனுப்புகிறேன், அப்புறம் கம்பெனியில் இன்னொரு காண்ட்ராக்ட் நீட்டிக்கக் கேட்கிறார்கள், அடுத்த துறைமுகத்தில் கையெழுத்துப் போட்டுவிடவா என்று. ரெண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தீர்களா? என்ஜின் ரூமில் ஒரு பம்பு நின்றால் ஸ்டாண்ட்பை பம்பு தானாக ஓட ஆரம்பித்துவிடும் என்று பெருமையாகச் சொல்வீர்களே. வீட்டுக்கும் அப்படி ஒன்று ஏற்பாடு பண்ணிவிட்டு, இனி வரத் தேவையில்லை என்று நினைத்துவிட்டீர்களா?

போன லீவில் நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், பல்லைக் கடித்துக்கொண்டு தைரியத்தை வரவழைத்துச் சொன்னேன். உங்களுக்கு முடிஞ்சுடுது, எனக்கு ஆரம்பிக்கவே இல்லை என்று. எழுந்து போய் உங்கள் பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டீர்கள். ஒவ்வொரு சக்கரமாக உருட்டிப் பார்த்து, துடைத்து, மறுபடி விட்டு. நான் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உங்களைக் கடித்துக் குதறிவிடலாம் போல இருந்தது.

அப்புறம் பார்சல் அனுப்பினீர்கள். அது உங்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கிறது, கடல் மேலேயும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள், வெட்கத்தை விட்டுத் தேடிப் படித்திருக்கிறீர்கள். எத்தனை டெசிபல் சத்தம், பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று அட்டவணை போட்டு அனுப்பினீர்களே, அதைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்கு உங்கள் மேல் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொன்னது பழுது பற்றி இல்லைங்க. உங்களைக் குற்றம் சொல்லவும் இல்லை. அன்றைக்கு நீங்கள் ஒரே ஒரு தடவை "எப்படி வேணும் உனக்கு" என்று கேட்டிருந்தால் எனக்குப் போதும். எனக்கே தெரியாது என்று சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து தேடியிருப்போம்.

உங்களுக்குப் பயமாக இருக்கிறதோ என்றும் ஒரு சந்தேகம். வந்தால் மறுபடி அதே கட்டில், அதே நான், மறுபடி சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று. அதற்காகத்தான் காண்ட்ராக்ட் பின்னால் ஒளிகிறீர்களா? இருந்தால் இருக்கட்டும், எனக்கும் பயம்தான். பிறத்தியார் வாயையெல்லாம் கூச்சமில்லாமல் திறக்கச் சொல்கிறவள், நம் வீட்டு விஷயத்துக்கு வாய் திறக்க இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். சொல்லித் தரவும் தெரியும். டாக்டரம்மா வாங்கித் தந்ததைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள், அது இருக்கட்டும், நமக்கு உதவும். உங்கள் சட்டை அலமாரியில், கம்பளிக்குப் பின்னால் இருக்கிறது. நீங்களே பிடித்துப் பார்க்கலாம், எந்த வேகம் என்று நான் சொல்கிறேன்.

ஆனால் அதை அணைத்த பிறகு வீடு சத்தமே இல்லாமல் போய்விடுகிறது. குறட்டை விட ஆள் இல்லை. காலை மேலே போட்டால் தள்ளிவிட ஆள் இல்லை. நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கும், திரும்பிப் பார்த்தால் நான் குத்திப் பள்ளம் விழுந்த தலையணைதான் இருக்கும். பெரிய மாடல் வேண்டாங்க. எந்த மாடலும் வேண்டாம்.

இப்போது கேட்கிறேன், நீங்கள் நலமா? முதுகு வலி எப்படி இருக்கிறது? சமையல்காரர் கை நல்ல கை என்று கேள்விப்பட்டேன், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சூட்டிலேயே நிற்காமல் மேலே வந்து காற்று வாங்குங்கள். கடல் அலைக்கழிக்காமல், மழை படுத்தாமல் சாமி உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன். மாமா கதவுக்கு வெளியே நின்று கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கதவுக்கு உள்ளே இருந்த நானும் அதையேதான் கேட்கிறேன். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பெட்டிச் சக்கரத்துக்கு அவ்வளவு எண்ணெய் விட்டீர்களே, இன்னும் நன்றாகத்தான் உருளும். இந்தப் பக்கமாக ஒரு தடவை உருட்டிக்கொண்டு வாருங்கள்.

கோபம் பாதி குறைந்து, மீதியை நேரில் வைத்துக்கொள்ளக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி