திண்டிவனத்தில் தள்ளி நின்ற இருவர்

அன்புத் துணைவி அம்சாவுக்கு,

நலமே சூழ்க. முழங்கால் வலி தணிந்ததா?

தில்லித் தமிழ் மன்றத்தில், இரு ஆடவரின் காதலைச் சொல்லும் புதினமொன்றைக் கண்டித்துப் பேச இசைந்திருந்தேன். என் வழக்கத்துக்கு மாறாக, நூலைப் படித்துவிட்டுச் சென்றேன். நடை தெவிட்டுகிறது, இன்ப முடிவை நம்ப இயலவில்லை. ஆயினும் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவ்விருவரும் அயலார்போல் தள்ளி நிற்கும் பக்கம் கனவாய் என்னைச் சூழ்ந்தது. என்னை வழியனுப்ப வந்த நம் மகன் புகழேந்தியும் அவன் தோழனும் அங்கே அப்படித்தான் நின்றார்கள்.

மேடையில் சொல் எழவில்லை. “இன்னாண்ணே, மைக்கு பேஜாரு பண்ணுதா?” என்றார் விழுப்புரத்துச் சீனுவாசன். அவை சிரித்தது, கண்டிக்காமலே இறங்கிவிட்டேன்.

இங்குள்ள வேர்க்கடலை நம்மூரதுபோல் சுவைக்கவில்லை; ஒருவனுக்குப் போதுமான அளவு வறுத்த மல்லாட்டை அனுப்பு. மடலைக் கொணரும் சீனுவாசன் தொடர்வண்டிக்கு விரைகிறார். பொங்கலுக்கு அத்தோழனையும் அழைத்துவரும்படி புகழேந்தியிடம் சொல். அவர் பெயரை நான் இதுவரை கேட்டதேயில்லை.

உன்,
பூவரசன்