உம்முடைய வீட்டை விலை பேசும்போது

நேற்று உம்முடைய வீட்டுப் பின்னறைக்குள் நுழைந்ததுமே பெயிண்ட் வாசம் மூக்கில் ஏறியது. மற்ற சுவரெல்லாம் அதே பழைய பச்சை. ஆற்றுப் பக்கத்துச் சுவர் மட்டும் புது வெள்ளை. பட்டி பார்த்து வழுவழுவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரி அதைத் தடவிப் பார்த்து, "சுவரு நல்லா இருக்குல்லா?" என்றாள்.

அந்தச் சுவரை எனக்குத் தெரியாதா? வெள்ளம் வந்து போனதிலிருந்து அது ஒழுங்காகக் காய்ந்ததே இல்லை. கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, "ஓதம் ஏறிட்டு வே. மழைக்கு முன்னாடியே இதுக்கு வேத்துருது, நம்ம பஸ் டெப்போ மேனேஜரு மாதிரி" என்று நீர்தான் சிரித்தீர்.

நீர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மதினி, மகனோடு கோயம்புத்தூருக்கே குடிபோகிறார்கள். வீடு தெரிந்தவர்கள் கைக்குப் போகட்டும் என்று அவர்களே எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் இருந்தவனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கடன் போட்டு வாங்கப்போவது என் மகள். பிரசவத்துக்கும் இந்த வீட்டுக்குத்தான் வருவாள். நாளை மறுநாள் அக்ரிமெண்ட். வேறு யார் வீடாக இருந்தாலும் கொத்தனாரைக் கூட்டிப்போய்த் தட்டிப் பார்த்து, இதைச் சரிசெய்து கொடும், இல்லையென்றால் விலையைக் குறையும் என்று கறாராகப் பேசியிருப்பேன். உம்முடைய மனைவியிடம் அதை எப்படிப் பேசுவது? மதினி காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "வேற எதும் பாக்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டபோது, "ஒண்ணும் இல்ல மதினி" என்று சொல்லிவிட்டேன்.

வரும் வழியில் வீட்டுக்காரியிடம் ஓத விஷயத்தைச் சொன்னேன். பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட மட்டும் வக்கணையா பேசுதிய. அங்கன வாயில கொழுக்கட்டையா? பச்சப் பிள்ளைய அந்த ஓதத்துலயா படுக்க வைக்க?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு உள்ளே உறுத்தியது வேறு. சுவர் எனக்குத் தெரியும் என்று மதினிக்கும் தெரியும். பிறகு எதற்குப் பூசி மறைக்க வேண்டும்? என்னை ஏமாற்றப் பார்க்கிறார்களா? அப்படி நினைப்பதே உமக்குச் செய்கிற துரோகம் போல இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இன்று காலை தனியாகப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பற்றிக் கேட்டுவிட்டேன். உட்கார்ந்தால் கேட்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். மதினி முகம் வாடிவிட்டது.

"மறைக்கதுக்கு அடிக்கல அண்ணாச்சி. உங்க வீட்ல இருந்து வீடு பாக்கன்னு முத முதல்ல வாராக, அசிங்கமா இருக்கேன்னு அடிக்கச் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்லா, தெரிஞ்சுதான் பேசுதியன்னு நினைச்சேன். அந்தச் சுவர நான் சரி பண்ணித் தந்துருதேன்."

அப்பாடா என்று இருந்தது. ஆனால் மதினி பேச்சை முடிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. நேத்து நீங்க ஒண்ணும் கேக்காமப் போனதுலேருந்து எனக்குப் படபடன்னு வருது" என்று ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கைக் காட்டினார்கள். நீர் அதைப் போட்டபோது, கல்யாண மண்டபம் கட்டுகிறீரா என்று நான் கேலி செய்த அதே சீலிங்.

"அதுக்கு மேல காங்கிரீட்டு பேந்து கம்பி தெரியுது. ரெண்டு தடவ பூசியும் நிக்கல. உங்க மச்சான் கட்டுன வீடுல்லா, உங்க காதுக்குப் போவக் கூடாதுன்னு அவுக சொல்லிட்டாக."

நீர் வீடு கட்டும்போது என் தங்கை வீட்டுக்காரரைக் கைகாட்டியவன் நான்தான். "நம்ம மச்சான், நம்பிக் குடும்" என்றேன். எனக்கு முதலில் உம்மேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கமாட்டேனா? நீர் அப்படித்தான். மாஞ்சோலை மலைக்குப் போகிற பஸ்ஸில் நீர் டிரைவர், நான் கண்டக்டர். ஒருநாள் பனிக்குள் விசிலடித்துக்கொண்டே வண்டியை இறக்கினீர். நான் பின்னால் கதையடித்துக்கொண்டு வந்தேன். மணிமுத்தாற்றில் டீ குடிக்கும்போதுதான், "பாதி வழிக்கு ரோடே தெரியல வே" என்றீர். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா நீரு என்ன செய்வீரு? ஒரு ஆளு பயந்தாப் போதும்."

பிறகு எங்களுக்குள் நடந்த பேரத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். கூரைச் செலவு என்னுடையது என்கிறேன் நான். விற்கிறவள்தான் செய்து தரவேண்டும் என்று மதினி பிடிவாதம். கடைசியில் அக்ரிமெண்டைத் தள்ளிவைத்து, நாளை சீலிங்கைக் கழற்றி இன்ஜினியரைப் பார்க்கச் சொல்வது என்று முடிவானது. கூரை தாங்காது என்று அவர் சொன்னால் மகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அவள் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது.

ஆனால் வாசலுக்கு வந்தபோது மனதில் ஓடியது வீடு இல்லை. நெஞ்சுவலியையும் நீர் இப்படித்தான் வாயுத்தொல்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தீர். கூரையை மூடியது போல அதையும் மூடிவிட்டுப் போய்விட்டீர். அந்த வீட்டில் உம்மோடு அத்தனை வருஷம் இருந்தவர்கள் மதினி. அந்தப் பழக்கம் அவர்களுக்கும் ஒட்டியிருக்காதா? செருப்பை மாட்டியவன் திரும்பி நின்று கேட்டேன்: "மதினி, உங்களுக்கு உடம்புக்கு எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லுங்க."

நல்லா இருக்கேன் என்று அவர்கள் சொல்லவில்லை. சாத்தப்போன கதவை மறுபடி திறந்தார்கள். "உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி" என்றார்கள். நான் செருப்பைக் கழற்றினேன்.